ஆக்சிஜன் சென்சரும் 22 மிமீ பிளவு சாக்கெட்டும்: கோத்தகிரியில் வீட்டு வாசலிலேயே மாற்றினோம்

சைலன்சருக்குப் போகும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று பார்க்கும் ஆக்சிஜன் சென்சரை எங்கள் காரில் மாற்றினோம். சென்சர் நன்றாக வேலை செய்கிறது, தாராளமாக வாங்கலாம். ஆனால் இந்த வேலையை வீட்டிலேயே முடிக்க முடிந்தது அதோடு சேர்த்து வாங்கிய பிளவு சாக்கெட்டால்தான், அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்களுடையது பிஎஸ்4 பெட்ரோல் வண்டி. குளிர்காலக் காலையில் ஸ்டார்ட் செய்தால் ஐட்லிங் ஏறி இறங்கும், சைலன்சரில் பெட்ரோல் வாடை அடிக்கும், செக் எஞ்சின் விளக்கு அணையவே அணையாது. ஸ்கேனரைச் செருகிப் பார்த்ததில் பி0135 என்ற பிழைக் குறியீடு வந்தது. எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டு பக்கம் இருக்கும் முதல் சென்சரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்று அர்த்தம். சென்சருக்குள் இருக்கும் ஜிர்கோனியா என்ற பீங்கான் ஏறக்குறைய 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் சரியாக வேலை செய்யும், அதைச் சீக்கிரம் சூடாக்கத்தான் ஹீட்டர். அது போய்விட்டால் புகைச் சூட்டிலேயே மெல்ல மெல்லச் சூடாக வேண்டும், அதுவரை எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியூ குத்துமதிப்பாகத்தான் பெட்ரோல் விடும். எங்கள் ஊர்க் குளிரில் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும் ஓட்டத்துக்கு, சென்சர் சூடாவதற்குள் வீடே வந்துவிடும்.

"மலைல காத்து கம்மி, வண்டி அப்படித்தான் இருக்கும்" என்று சொல்பவர்கள் இங்கே நிறையப் பேர். கார்புரேட்டர் காலத்துக்கு அது சரி. ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட கால்வாசி குறைவு, காற்று குறைந்தாலும் பெட்ரோல் அதற்கேற்பக் குறையாததால் கரும்புகை வரும். இஞ்செக்‌ஷன் வண்டியில் காற்றுக்குத் தகுந்தபடி பெட்ரோலைக் கம்ப்யூட்டரே குறைத்துக்கொள்ளும், அது சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதே இந்தச் சென்சர்தான். அதனால் மலை என்று சொல்லி இதைப் பொறுத்துக்கொண்டு ஓட்டாதீர்கள், நாளடைவில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் கெடும், அதன் விலை எங்கேயோ போய் நிற்கும்.

பிழைக் குறியீடு வந்தவுடனே சென்சர் வாங்க ஓடவும் வேண்டாம். முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். அப்புறம் சென்சர் வயரை இணைக்கும் கப்ளரைக் கழற்றி, பின்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள், மழையும் மூடுபனியும் இருக்கும் ஊரில் இது சாதாரணம், சில சமயம் சுத்தம் செய்தாலே விளக்கு அணைந்துவிடும். நான்கு வயரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டும் பெரும்பாலும் ஹீட்டருக்கு உரியவை. மல்டிமீட்டரை வைத்தால் நல்ல ஹீட்டர் சில ஓம்ஸ் காட்டும். எங்களுடையது ஒன்றுமே காட்டவில்லை, ஓபன், அதாவது உள்ளே அறுந்துவிட்டது.

ஆன்லைனில் எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று அடிமாட்டு விலைக்குச் சில கிடைக்கின்றன, பழைய கப்ளரை வெட்டி வயரை ஒட்டுப்போட வேண்டும். வேண்டவே வேண்டாம். ஒட்டுப்போட்ட இடத்தில் ஈரம் ஏறும், அது போக பல சென்சர்களில் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்று வயருக்குள் வழியாகத்தான் உள்ளே போகிறது, கண்டபடி சால்டர் வைத்தால் அந்த வழி அடைபடும். நாங்கள் கோவையில் ஒரு ஸ்பேர்ஸ் கடையில் பழைய பார்ட் நம்பரைக் காட்டி டென்சோ கம்பெனி சென்சர் வாங்கினோம், இரண்டாயிரத்துச் சொச்சம் ஆனது. அதே கப்ளர், அதே வயர் நீளம், முனைக்கு மூடி, மரையில் பிடித்துக்கொள்ளாமல் இருக்க முன்பே தடவிய பசை. பெட்டியைத் திறந்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது.

இனி சாக்கெட். சாதா சாக்கெட்டுக்குள் வயர் போகாது, ஓப்பன் ஸ்பானர் வழுக்கி மூலையை மழுக்கிவிடும். இதில் பக்கவாட்டில் ஒரு பிளவு இருக்கிறது, வயரை அதில் விட்டு மேலிருந்து மாட்டினால் ஆறு பக்கமும் கவ்விக்கொள்ளும். முந்தின நாள் ராத்திரியே மரையில் டபிள்யூடி-40 அடித்து வைத்தோம். பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணா சொன்னது, "எஞ்சின் லேசா சூடா இருக்கும்போதே கழட்டுங்க தம்பி, ஆறிப்போச்சுன்னா மரையை உரிச்சுட்டு வந்துரும்." கையுறை போட்டுக்கொண்டு நீளமான கைப்பிடியால் இழுத்தோம், அசையவே இல்லை, இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் கிறீச்சென்று ஒரு சத்தம், துருத்தூள் கொட்டியது, அதற்கப்புறம் கையாலேயே சுற்ற வந்துவிட்டது. பழைய சென்சரின் முனையில் மை அப்பின மாதிரி கரி.

புதியதை முதலில் கையால்தான் ஏற்ற வேண்டும், ஸ்பானர் போடாமலே சில சுற்று ஏறினால் மரை சரியாகப் பிடித்திருக்கிறது என்று நம்பலாம். எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற டார்க் அளவு வண்டி மேனுவலில் இருக்கும், பொதுவாக 40 நியூட்டன் மீட்டரை ஒட்டி. முனையில் எண்ணெயோ சிலிகானோ படக்கூடாது. கப்ளரைக் கடைசியில் மாட்டுங்கள், இல்லாவிட்டால் வயர் முறுக்கிக்கொள்ளும்.

பிழைக் குறியீட்டை ஸ்கேனரில் அழித்துவிட்டு மறுநாள் விடியற்காலைக் குளிரில் ஸ்கேனரில் பார்த்தோம். ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே சென்சரின் வோல்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் இடையே குதித்தது, சென்சர் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பெட்ரோல் வாடை போயே போச்சு. மைலேஜ் கூடியிருக்கிறது, ஆனால் மலை ரோட்டில் அதைத் துல்லியமாகச் சொல்ல முடியாது.

சென்சருக்கு ஐந்துக்கு ஐந்து. சாக்கெட்டுக்கு நாலு, ரொம்ப அழுத்தினால் பிளவின் வாய் லேசாக விரிகிறது. கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது சென்சருக்கும் இதே சாக்கெட்தான், ஆனால் அதற்கு வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். நம் ஊரில் பாதி வீட்டு வாசல் சரிவு, சரிவில் ஜாக்கி வைத்து அடியில் போகாதீர்கள், அதை மட்டும் குழி இருக்கிற ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.