மோனோபொலி: செல்வத்துக்கு எல்லை உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு மதிப்புரை

பொருளாதார வகுப்பிலோ வாசிப்பு வட்டத்திலோ "செல்வம் அளவுக்குட்பட்டதா?" என்ற கேள்வி எழுந்தால் யாராவது ஒருவர் மோனோபொலியைக் காட்டுவார்; பகடை உருட்டி நகர்ந்து, நிலம் வாங்கி, அதில் வந்து நிற்பவரிடம் வாடகை வாங்கும் பலகை விளையாட்டு அது. கடைசியில் ஒருவரிடம் எல்லாம் குவிகிறது, மற்றவர்கள் வெறுங்கையோடு எழுகிறார்கள். ஆகவே ஒருவர் சேர்ப்பது இன்னொருவரிடம் பறித்ததுதான் என்பது வாதம். விதிப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. ஆட்டத்தில் மொத்தச் செல்வம் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. தோற்பவர்கள் தோற்பது வேறு காரணத்தால். அந்தக் காரணத்தை இவ்வளவு துலக்கமாகக் காட்டும் பலகை அபூர்வம் என்பதால் இதை வாங்கச் சொல்கிறோம். விதிகளை அச்சிட்டபடியே ஒருமுறை ஆட வேண்டும், பிறகு கீழே சொல்லும் மாற்றங்களோடு மறுபடி ஆட வேண்டும் என்பது நிபந்தனை.

முதலில் பெட்டியில் இருப்பவை. வழக்கமான பதிப்பில் 40 கட்டங்கள். வாங்கக்கூடியவை 28: தெருக்கள் 22, ரயில் நிலையங்கள் 4, மின்சாரமும் தண்ணீருமாகச் சேவைகள் 2. பச்சை வீடுகள் 32, சிவப்பு ஹோட்டல்கள் 12. ஆளுக்கு 1500 தொடக்கப் பணம். தொடக்கக் கட்டத்தைக் கடக்கும்போதெல்லாம் வங்கி 200 தரும். 28 சொத்துகளின் அச்சிட்ட விலையைக் கூட்டினால் 5690 வரும். நான்கு பேர் ஆடினால் மேசையில் இருக்கும் பணம் 6000. நிலம் முழுவதையும் வாங்கி முடிக்கப் போதுமான பணம், கொஞ்சம் மிச்சத்தோடு. இந்தப் பொருத்தத்தால் நான்கு பேர் ஆடுவதே விவாதத்துக்கு ஏற்றது. இரண்டு பேர் ஆடினால் மொத்தம் 3000தான். ஏலங்கள் சூடு பிடிக்காது.

செல்வம் என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பது இந்தப் பலகையில் மூன்று தனித்தனிப் பொருள்களாகப் பிரிந்து நிற்கிறது. பணத்துக்கு எல்லை இல்லை: வங்கி திவாலாகாது, நோட்டு தீர்ந்துபோனால் சாதாரணக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கலாம் என்று விதியே சொல்கிறது. நிலத்துக்குக் கறாரான எல்லை உண்டு: 28-க்கு மேல் ஒரு சொத்தையும் யாரும் உருவாக்க முடியாது. வீடுகளுக்கும் எல்லை உண்டு. ஆனால் அது இயற்கையாக அமைந்த எல்லை இல்லை. யார் முந்திக்கொள்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் அது மற்றவர்களைத் தாக்கும். அரசியல் கொள்கைகள் செல்வத்தைப் பற்றிச் சண்டையிடும்போது, பெரும்பாலும் ஒவ்வொன்றும் இந்த மூன்றில் ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டு பேசுகிறது.

இதை நிரூபிக்க ஒரு பேரேடு போதும். ஆட்டக்காரர் ஒருவரைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் தொடக்கக் கட்டத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை நிறுத்தி, எல்லோருக்கும் மூன்று எண்களை எழுதுங்கள்: கையில் உள்ள பணம், அச்சிட்ட விலையில் நிலம் (அடமானத்தில் இருந்தால் பாதி), வாங்கிய விலையில் வீடுகள். பிறகு நான்கு பேருடையதையும் கூட்டுங்கள். அச்சிட்ட விலைக்கு நிலம் வாங்கினால் கூட்டுத்தொகை மாறாது; பணம் குறைந்த அளவுக்கு நிலம் ஏறியிருக்கும். வீடு கட்டினாலும் மாறாது. வாடகை கொடுத்தாலும் மாறாது, கை மாறுகிறது, அவ்வளவுதான். அடமானம் வைத்தாலும் அப்படியே. கூட்டுத்தொகையை உயர்த்துபவை முக்கியமாக அந்த 200-உம், சில சீட்டுகளும், அச்சிட்ட விலைக்குக் கீழே முடியும் ஏலங்களும். குறைப்பவை வரிக் கட்டங்கள், அடமானத்தை மீட்கும்போது கட்டும் 10 சதவீத வட்டி, நெருக்கடியில் வீட்டை வங்கிக்குப் பாதி விலைக்குத் திருப்பி விற்பது.

இரண்டு பகடைகளின் சராசரி 7. அதனால் ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 6 உருட்டல்கள். நான்கு பேர் ஒரு சுற்று முடித்தால் 800 புதிதாக உள்ளே வரும். அதுவும் எல்லோருக்கும் சமமாக. மொத்தம் வளர்கிறது, வளர்ச்சி சமமாகப் பகிரப்படுகிறது. அப்படியும் ஒருவரைத் தவிர எல்லோரும் திவாலாகிறார்கள். இந்தப் பலகை கற்பிக்கும் மிக முக்கியமான விஷயம் இதுதான். பேரேடு எழுதாமல் ஆடினால் இது கண்ணில் படாது.

காரணத்தை ஆரஞ்சு நிறத் தொகுதியைச் சேர்ந்த மூன்று தெருக்களில் பார்க்கலாம். மூன்றின் விலை 180, 180, 200. காலி மனையாக இருக்கும்போது 180 தெருவின் வாடகை 14. மூன்றும் ஒருவரிடம் சேர்ந்தால், ஒரு செங்கல்கூட வைக்காமலே அது 28 ஆகிறது. ஒரு வீடு இருந்தால் வாடகை 70, இரண்டு இருந்தால் 200, மூன்று இருந்தால் 550. மூன்று தெருக்களையும் வாங்கி ஒவ்வொன்றிலும் மூன்று வீடு கட்ட ஆகும் செலவு 1460; தொடக்கப் பணத்துக்குள் முடிந்துவிடுகிறது. பலகையில் உள்ள சிறைக் கட்டத்திலிருந்து இந்தத் தெருக்கள் 6, 8, 9 கட்டங்கள் தள்ளி இருப்பதால், வெளியே வருபவர் முதல் உருட்டலிலேயே அங்கே நிற்கும் வாய்ப்பு 36-இல் 14. சுற்றுக்கு 200 சம்பாதிப்பவர் ஒரே தடவையில் 550 கட்ட வேண்டியிருந்தால், மொத்தச் செல்வம் எவ்வளவு வேகமாக வளர்ந்தாலும் அவருக்குப் பயனில்லை.

இப்போது கொள்கைகளைப் பலகைமேல் வைத்துப் பார்க்கலாம். 17-ஆம் நூற்றாண்டு வணிகவாதிகள் தங்கம், வெள்ளி, வாணிபம் எல்லாம் குறிப்பிட்ட அளவுதான் என்று நம்பினார்கள். ஒரு நாடு வளர இன்னொன்று தேய வேண்டும். அவர்கள் நோட்டுக் கட்டைச் செல்வமாக எண்ணியவர்கள். ஆடம் ஸ்மித் 1776-இல் இதை உடைத்தார்: செல்வம் என்பது உழைப்பு உண்டாக்கும் பொருள்கள், வேலையைப் பிரித்துச் செய்தால் அது பெருகும். சந்தையை ஆதரிப்பவர்கள் இன்றும் நிற்பது இந்தத் தளத்தில். அவர்கள் மோனோபொலியைக் குறை சொல்வதில் நியாயம் இருக்கிறது: இந்தப் பலகையில் யாரும் எதையும் உற்பத்தி செய்வதில்லை. இங்கே கட்டப்படும் வீடு யாருக்கும் நிழல் தருவதில்லை; வாடகையை மட்டும் கூட்டுகிறது.

இடதுசாரிகள் செல்வத்தை நிலையான குவியலாகப் பார்க்கிறார்கள் என்பது பரவலான தவறான எண்ணம். மார்க்ஸும் எங்கெல்சும் 1848-இலேயே முதலாளித்துவம் முந்தைய தலைமுறைகள் எல்லாம் சேர்ந்து செய்ததைவிடப் பெரிய உற்பத்தி ஆற்றலை உருவாக்கிவிட்டது என்று எழுதினார்கள். வளர்ச்சியை அவர்கள் மறுக்கவில்லை. உழைப்பவர் உண்டாக்கும் உபரி யாருக்குப் போகிறது என்று கேட்டார்கள். மேலே சொன்ன பேரேட்டில் கூட்டுத்தொகை ஏற, ஒரே ஒருவரின் வரிசை மட்டும் வீங்குவதை அவர்கள் சுட்டுவார்கள்.

ஆங்கிலேயப் பொருளியலாளர் ரிக்கார்டோ 1817-இல் நில வாடகையைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். அமெரிக்கப் பொருளியலாளர் ஹென்றி ஜார்ஜ் 1879-இல் அதை அரசியலாக்கினார்: உழைப்பால் வரும் செல்வத்துக்கு எல்லை இல்லை, நிலத்துக்கு உண்டு, ஊர் வளர்வதால் ஏறும் நில மதிப்பை ஊருக்கே வரியாக எடுக்க வேண்டும், கட்டடத்தைத் தொடக் கூடாது. இந்த விளையாட்டு பிறந்ததே இதற்காகத்தான். ஜார்ஜின் கொள்கையைப் பின்பற்றிய லிஸ்ஸி மேகி என்ற அமெரிக்கப் பெண் 1904 ஜனவரி 5-ஆம் தேதி 'நிலக்கிழார் விளையாட்டு' என்ற பலகைக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு இரண்டு விதித் தொகுதிகள் வகுத்தார். ஒன்றில் ஏகபோகம் வெல்லும். மற்றதில் நில வாடகை பொதுக் கருவூலத்துக்குப் போய் எல்லோரும் முன்னேறுவார்கள். 1935-இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம், மோனோபொலியைத் தன் விளையாட்டாக விற்றுவந்த சார்லஸ் டாரோவிடம் அதை வாங்கியது. மேகியின் காப்புரிமையையும் 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. சந்தைக்கு வந்து நிலைத்தது ஏகபோக விதி மட்டும். பாதிப் பாடத்தை எடுத்துவிட்டு மீதியை விற்றதுபோல் ஆகிவிட்டது. இந்தப் பெட்டியின் பெரிய குறை இதுதான்.

சூழலியலாளர்கள் பார்ப்பது 32 வீடுகளை. மூலப்பொருள் தீரும், வளர்ச்சி முட்டி நிற்கும் என்பது அவர்கள் எச்சரிக்கை. 1980-இல், விலை இறங்கும் என்ற பொருளியலாளர் ஜூலியன் சைமனும் ஏறும் என்ற உயிரியலாளர் பால் எர்லிக்கும் செம்பு, குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன் ஆகிய ஐந்து உலோகங்களின் விலைமேல் பந்தயம் கட்டினார்கள். பணவீக்கத்தைக் கழித்தால் 1990-இல் விலை இறங்கியிருந்தது; எர்லிக் 576.07 டாலருக்குக் காசோலை அனுப்பினார். வேறு சில பத்தாண்டுகளை எடுத்திருந்தால் அவர் வென்றிருப்பார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. உலோகத்துக்கு மாற்று கிடைக்கலாம். பலகையிலேயே விலை அதிகமான அடர்நீலக் கட்டத்துக்கு மாற்று இல்லை. பொருளியலாளர் ஃபிரெட் ஹிர்ஷ் 1976-இல் எழுதியதைப் போல, சில பொருள்களின் மதிப்பே எல்லோருக்கும் கிடைக்காமல் இருப்பதில்தான் இருக்கிறது. மொத்த உற்பத்தி பத்து மடங்கானாலும் முதல் வரிசை இருக்கைகள் அதே எண்ணிக்கைதான்.

ஆட்டம் கெடுவது எங்கே என்று பார்த்தால், விதிப் புத்தகத்தில் இல்லாமல் பழக்கத்தில் புகுந்த சொந்த விதிகளில்தான். வரிப் பணத்தை நடுவில் குவித்து, இலவச வாகன நிறுத்தக் கட்டத்தில் நிற்பவருக்குக் கொடுப்பது முதல் தவறு. வெளியேற வேண்டிய பணம் உள்ளேயே சுழல்வதால் திவால் தள்ளிப்போகும், ஆட்டம் மணிக்கணக்கில் இழுக்கும், பேரேடும் பொருளிழக்கும். ஏலத்தைத் தவிர்ப்பது இரண்டாவது. நிற்பவர் வாங்க மறுத்தால் வங்கி உடனே ஏலம் விட வேண்டும், மறுத்தவரும் கேட்கலாம். இதை விட்டுவிட்டால் நிலத்தின் உண்மையான மதிப்பு வெளிப்படுவதே இல்லை. மூன்றாவது, வீடு தீர்ந்ததும் பொத்தானோ நாணயமோ வைத்துத் தொடர்வது. அப்படிச் செய்யக் கூடாது. ஒன்பது தெருக்களில் மும்மூன்று வீடு கட்டினால் 27 போய்விடும். வங்கியில் மிச்சம் 5. தெரிந்து ஆடுபவர் வீடுகளை ஹோட்டலாக மாற்றி வங்கிக்குத் திருப்பாமல், பிடித்து வைத்து மற்றவர்களை முடக்குவார். பதுக்கல் எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

மாற்றங்களுக்கு வருவோம். ஜார்ஜ் விதிக்கு, வாடகையில் பாதியைக் கருவூலத்துக்கு எடுக்கலாம் என்று பலரும் தொடங்குவார்கள். அது வீட்டையும் சேர்த்து அடிப்பதால் கட்டுவதே குறையும். காலி மனை வாடகையை மட்டும் எடுத்தால் 550-இல் 14தான் கிடைக்கும், ஒன்றும் மாறாது. சரியான வழி: ஒவ்வொருவரும் தொடக்கக் கட்டத்தைக் கடக்கும்போது, தன்னிடம் உள்ள பத்திரங்களின் அச்சிட்ட விலையில் 10 சதவீதத்தைக் கருவூலத்தில் கட்ட வேண்டும். வீட்டுக்கு வரி இல்லை. ஆரஞ்சு மூன்றும் வைத்திருப்பவருக்கு 56, அடர்நீலம் இரண்டுக்கும் சேர்த்து 75. நிலம் முழுதும் விற்றுப்போனால் சுற்றுக்கு 569 சேரும். அதை நால்வருக்கும் பிரித்தால் ஆளுக்கு 142 சொச்சம். சும்மா நிலத்தைப் பிடித்து வைப்பது நஷ்டமாவதால் பேரம் சீக்கிரம் நடக்கும்.

உற்பத்தியைச் சேர்க்க இன்னொரு விதி: பலகையில் உள்ள ஒவ்வொரு நான்கு வீட்டுக்கும் எல்லோருடைய 200-உம் 10 கூடும். 32 வீடும் நின்றால் 280. ஹோட்டலை ஐந்து வீடாகக் கணக்கிடுங்கள். அடுத்த ஆட்டத்தில் அதே உயர்வை உரிமையாளருக்கு மட்டும் கொடுங்கள், தன் வீடு ஒன்றுக்குச் சுற்றுக்கு 10 வீதம். இரண்டு பேரேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினால், சந்தை ஆதரவாளரும் மார்க்ஸியரும் எந்த இடத்தில் பிரிகிறார்கள் என்பது எண்ணாகவே தெரியும்.

உற்பத்தியும் இருவருக்கும் பயன்தரும் பண்டமாற்றும்தான் முக்கியம் என்பவர்கள் 1995-இல் வெளிவந்த கட்டான் பலகையையும் பார்க்கலாம். அங்கே பெரும்பாலான பகடை வீச்சுகளில் புதிய பொருள் வரும், பேரம் இல்லாமல் முன்னேறுவது கடினம். நில வாடகை அங்கே இல்லை; ஆகவே அது இதற்கு மாற்று ஆகாது.

வாங்கும்போது காகித நோட்டு உள்ள பதிப்பையே எடுங்கள். அட்டை தேய்க்கும் மின்னணு வங்கிப் பதிப்பில் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. பழைய பெட்டி என்றால் பத்திரங்கள் 28, வீடுகள் 32 இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். நோட்டு குறைந்தால் பரவாயில்லை, வீடு ஐந்தாறு குறைந்தால் தட்டுப்பாடு சீக்கிரமே வந்து கணக்கு முழுதும் மாறிவிடும். 2008-க்கு முந்தைய அமெரிக்கப் பெட்டிகளில் வருமான வரிக் கட்டம் 200 அல்லது சொத்தில் 10 சதவீதம் என்று இருக்கும். 200-ஐயே வைத்துக்கொள்ளுங்கள், பேரேடு எழுத எளிது.