ஒப்ஸ்கியூர், ஒப்ஃபஸ்கேட், கொன்சீல்: காணிக் கடிதத்தில் எதை எழுதுவது?

ஆங்கிலத்தில் முறைப்பாடு எழுத உட்காருபவர் ‘மறைத்தல்’ என்று அகராதியைப் பார்த்தால் ஒப்ஸ்கியூர் (obscure), ஒப்ஃபஸ்கேட் (obfuscate), கொன்சீல் (conceal) ஆகிய மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். எதைப் போட்டாலும் சரிதானே என்று நினைப்பதுதான் பிழை. சொல் மாறினால் விண்ணப்பம் குற்றச்சாட்டாகிவிடும்.

முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கம் பல வருடமாகத் துப்புரவாக்காமல் கிடக்கும் ஒரு காணியை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லைக்கல்லை நாயுண்ணிப் பற்றை மூடிவிட்டது. அது ஒப்ஸ்கியூர். பற்றைக்கு உள்நோக்கம் கிடையாது. யாரையும் இந்தச் சொல் குற்றம் சாட்டாது. பக்கத்துக் காணிக்காரர் தெரிந்துகொண்டே கல்லின்மேல் மண்ணைக் கொட்டினால் அது கொன்சீல். கல் வெளியிலேயே நிற்கிறது, ஆனால் “எது எல்லை?” என்று கேட்டவரிடம் பழைய பெர்மிட், புதிய வரைபடம், பாட்டன் காலத்து வாய்ப்பேச்சு என்று ஒன்றன்மேல் ஒன்றைப் போட்டுக் குழப்பினால், அதுதான் ஒப்ஃபஸ்கேட். நம் பேச்சில் பூசி மெழுகுதல் என்போமே, கிட்டத்தட்ட அது.

ஆகவே கல்லையோ பெயர்ப்பலகையையோ ஒப்ஃபஸ்கேட் செய்ய முடியாது. உயர்தர மாணவர் கட்டுரைகளில் அடிக்கடி விழும் பிழை இது. அந்த வினைக்குச் செயப்படுபொருளாக உண்மை, விடயம், பொறுப்பு போன்றவைதான் வரும். ஒப்ஸ்கியூர் இரண்டுக்கும் பொருந்தும்: காலைப் பனிப்புகார் ஏ9 வீதியையும் மறைக்கும், நீண்ட வாக்கியம் கருத்தையும் மறைக்கும். யாரிடமிருந்து மறைத்தார் என்று சொல்ல வேண்டுமானால் கொன்சீல்தான் வேண்டும். அதோடு ‘ஃப்ரொம்’ சேரும்.

ஒப்ஸ்கியூர் பெயரடையாக வரும்போதுதான் மொழிபெயர்ப்பாளர் அதிகம் சறுக்குகிறார். ஊருக்கு முன்னால் வந்தால் ‘இருண்ட ஊர்’ அல்ல, வெளியார் அதிகம் அறியாத ஊர். காரணத்துக்கு முன்னால் வந்தால் விளங்காத காரணம். ‘மறைக்கப்பட்ட காரணம்’ என்று எழுதினால் மூலத்தில் இல்லாத சதி ஒன்று தமிழில் முளைத்துவிடும்.

இப்போது கடிதத்துக்கு வருவோம். இலங்கையின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, தகவல் அலுவலர் கோரிக்கை பற்றிய முடிவை 14 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும். அப்படிக் கேட்டதற்குப் பிரதேச செயலகத்திலிருந்து வந்த பதில் விளங்கவில்லை என்றால், கடிதத் திகதியையும் பந்தி இலக்கத்தையும் குறிப்பிட்டு, அந்தப் பந்தி தெளிவில்லை என்று ‘அன்கிளியர்’ போட்டு எழுதுங்கள். ஒப்ஸ்கியூர்கூட அங்கே தேவையில்லை. ஒப்ஃபஸ்கேட் போட்டால் அலுவலர் வேண்டுமென்றே குழப்புகிறார் என்று சொன்னதாகும். அதற்கு ஆதாரம் கேட்பார்கள், காணிக் கேள்வி பின்னால் போய்விடும். ஆவணம் கையில் இருந்தும் இல்லை என்று எழுதியதற்குச் சான்று இருந்தால் மட்டும் கொன்சீல்.

கணினித் துறையில் ஒப்ஃபஸ்கேட் திட்டு அல்ல. நிரலிலுள்ள பொருள்பொதிந்த பெயர்களை ஒற்றை எழுத்துகளாக மாற்றி, பிறர் வாசித்து விளங்கிக்கொள்வதைக் கடினமாக்கும் வழக்கமான வேலை. அதைக் குறியாக்கம் என்று தமிழாக்கக் கூடாது. குறியாக்கத்தைத் திறக்கத் திறவுகோல் வேண்டும். இந்த நிரல் திறவுகோல் இல்லாமலே ஓடும்.

வானியலில் ஒப்ஸ்கியூரேஷன் இன்னும் கறாரான சொல்: சூரிய வட்டின் பரப்பில் மறைந்த பங்கு. கிரகணத்தின் ‘மெக்னிடியூட்’ விட்டத்தைக் கணக்கிடும். 2019 டிசம்பர் 26 அன்று இலங்கையின் வடக்கில் வளையமாகத் தெரிந்த கிரகணத்தின் உச்சத்தில் விட்ட அளவு 0.97, அதன் வர்க்கமே பரப்பு, ஏறத்தாழ 94 வீதம். இரண்டையும் ‘மறைவு’ என்றே எழுதினால், 97 சரியா 94 சரியா என்று வாசகர் தடுமாறுவார். ஒன்றை விட்ட மறைவு, மற்றதைப் பரப்பு மறைவு என்று எழுதலாம்.