மூன்றாவது மாடி

இந்த முறை மதுரைக்குப் போனது அப்பாவுக்காக. பைபாஸ் முடிந்து இரண்டரை மாதம். ஆபரேஷன், பில், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் தம்பி பார்த்துக்கொண்டான்; குறை சொல்ல ஒன்றுமில்லை. என் ஆத்திரமெல்லாம் ஒரு லிப்ட் மேல்.

இதய நோயாளிகளுக்கான உடற்பயிற்சி அறை மூன்றாவது மாடியில். லிப்ட் கதவில் 'பழுது' என்று ஓர் அட்டை, ஓரமெல்லாம் சுருண்டு மஞ்சளாகிக் கிடந்தது. பக்கத்து லிப்டைக் காட்டிக் கேட்டால், "அது சாப்பாட்டு வண்டிக்குண்ணே. படி ஏறுறதும் எக்சர்சைஸ்தானே?" என்கிறார் வாட்ச்மேன். அப்பா சிரித்தார். எனக்கு வரவில்லை. திருப்பத்துக்குத் திருப்பம் நின்று மூச்சு வாங்கி மேலே போனால், இரண்டு டிரெட்மில்லில் ஒன்றின் மேல் துண்டு காய்கிறது. ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்து கால் மணி நேரம் நடை. இதற்கு ஊரின் அந்தக் கோடிக்கு ஆட்டோ வேறு.

இங்கிலாந்தில், லெஸ்டரில் எனக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தபின் இதே மாதிரிப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள், எட்டு வாரம் போனேன். சொன்ன நேரத்துக்கு ஆரம்பிப்பார்கள். என்ன, பக்கத்தில் நடப்பவர் வாய் திறக்க மாட்டார்.

அப்புறம்தான் அந்தப் பிசியோதெரபிஸ்ட் பெண். வராண்டாவில் 30 மீட்டருக்கு இரண்டு நாற்காலி போட்டு, அப்பாவை 6 நிமிடம் நடக்க வைத்துப் பார்த்தாள். "ஐயா, நீங்க வீட்டுலயே பண்ணலாம். வாரா வாரம் நான் போன் பண்றேன்." தட்டிக்கழிக்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம். ராத்திரி உட்கார்ந்து தேடினேன். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2017 தொகுப்பில் 23 ஆய்வுகள். ஆபத்து அதிகமில்லாதவர்களுக்கு வீட்டுப் பயிற்சியும் ஆஸ்பத்திரிப் பயிற்சியும் பலனில் ஏறக்குறைய ஒன்றுதான். சரி, பெண்ணைத் தப்பாக நினைத்துவிட்டேன்.

பீட்டா பிளாக்கர் மாத்திரையால் நாடி அவ்வளவாக ஏறாது. அதனால் களைப்புக்கு மார்க் போடச் சொல்லியிருந்தாள்: 6 முதல் 20 வரை, 11க்கும் 13க்கும் நடுவில் நிற்க வேண்டும். "அதென்ன 6ல ஆரம்பிக்குது?" என்று அப்பா மடக்கினார். "ஒரு சைபர் சேருங்க ஐயா, 60. சும்மா இருக்கும்போது நாடி சுமாரா அவ்வளவுதானே."

இப்போது தினமும் காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றுகிறார். நேற்று போனில் கேட்டேன்.

"தனியாப் போனா 12. உன் சித்தப்பன் கூட வந்தா 14. அவன் கட்சி அரசியல் பேச ஆரம்பிச்சா கால் தானா வேகம் எடுக்குதுடா."