மதகுக்குள் அனுப்ப இரண்டு சில்லா, றப்பர் பட்டியா?

மாரிக்கு முன்னர் வீதி மதகுகளிலும் சிறுகுளங்களின் துருசுக் குழாய்களிலும் அடைப்போ வெடிப்போ உண்டா என்று பார்க்க, ஆளுக்குப் பதிலாக ஒரு சிறிய றோபோவை அனுப்பலாமா என்ற கேள்வி, பொறியியற்பீடம் அமைந்துள்ள கிளிநொச்சி அறிவியல் நகரில் எழுவது இயல்பே. முன்மாதிரியாகக் கொள்ள இரண்டு வடிவமைப்புகள் உள்ளன: மினசோட்டாப் பல்கலைக்கழக ஆய்விலிருந்து வளர்ந்த த்ரோபொட், ஐரோபொட் நிறுவனம் உருவாக்கிய ஃபேர்ஸ்ட்லுக்.

த்ரோபொட்டின் ‘எக்ஸ்ரி’ மாதிரியின் எடை ஏறத்தாழ 540 கிராம். உருளை உடல், இரு முனைகளிலும் சில்லுகள், பின்னால் ஒரு வால். அந்த வால் அலங்காரத்துக்கானதன்று. மோட்டார் சில்லைச் சுழற்றும்போது உடல் எதிர்த்திசையில் சுழல முற்படுவதை, நிலத்தில் ஊன்றித் தடுப்பது அதுவே. 36 மீட்டர் தூரம் எறிந்தாலும் தாங்கும் என்பது இதன் பெருமை. மதகு வாயிலில் குந்தியிருந்து கையால் உள்ளே வைக்கப்போகும் நமக்கு அந்தப் பெருமையால் பயனில்லை. அதேவேளை, சில்லின் ஆரையை விட உயர்ந்த கல்லொன்று குறுக்கே கிடந்தால் இது நின்றுவிடும். சேற்றில் வாலும் புதையும்.

ஃபேர்ஸ்ட்லுக் சுமார் 2.3 கிலோ. றப்பர் பட்டிகளில் ஓடும் இதற்குச் சுழலும் இரு கைகள் உள்ளதால், கவிழ்ந்தால் தானே நிமிர்வதோடு 7 அங்குலத் தடையையும் தாண்டும்; 3 அடி நீரையும் தாங்கும். ஆயினும் என் பார்வையில் இதன் சிறப்பு நான்கு பக்கமும் பார்க்கும் நான்கு கமராக்களே. குறுகிய குழாய்க்குள் திரும்ப இடமில்லாதபோது, பின்பக்கக் காட்சியைப் பார்த்தவாறே பின்னோக்கி வெளியே எடுக்க முடிவது எந்த வேகத்தையும் விடப் பெறுமதியானது. குறை இல்லாமலில்லை: பட்டியில் ஓடும் வண்டி தரையில் வழுக்கியே திரும்புவதால் மின்கலம் விரைவாகக் கரையும், புல்லும் களியும் பட்டிக்குள் சிக்கும்.

வன்னியில் றோபோ என்றதும் கண்ணிவெடி நினைவுக்கு வரும். இவை பார்க்கும் கருவிகளே தவிர, மண்ணுள் புதைந்ததைக் கண்டறியும் கருவிகளல்ல. அந்த எதிர்பார்ப்பை இவற்றின்மேல் ஏற்றலாகாது.

தெரிவைத் தீர்மானிப்பது இன்னொன்று. ஈரமண்ணும் கொங்கிறீட்டும் வானொலி அலையை வெகுவாகத் தளர்த்துவதால், நீண்ட குழாய்க்குள் ரிமோட்டை மட்டும் நம்ப முடியாது. கேபிள் ஒன்றை இழுத்துச் செல்லவேண்டி வரும். இழுவிசைக்கு எல்லை வகுப்பது வண்டியின் எடையும் தரைப்பிடிப்புமே ஆதலால், நனைந்த கேபிளை அரைக் கிலோ வண்டி அதிக தூரம் இழுக்காது. எனவே கட்டுவதற்கு எளிது என்பதற்காக இரண்டு சில்லு வடிவத்தைத் தெரிவுசெய்வதை விட, எடை கூடிய பட்டி வடிவத்தில் முயல்வதும், அச்சுத்தண்டு வெளிவரும் இடங்களில் நீர் புகாதவாறு அடைப்பதில் பணத்தைச் செலவிடுவதும் மேல். வறண்ட கட்டடமொன்றை எட்டிப் பார்ப்பதுதான் வேலையென்றால், த்ரோபொட் வடிவமே போதும்.