‘கணக்கை முடித்துவிடலாம் சார்’ என்றார்கள், நம்பினேன்

கிரெடிட் கார்டு பாக்கியைப் பேசி முடித்துத் தருவதாக யாராவது அழைத்தால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

2021 ஊரடங்கில் எனக்குப் பாதிச் சம்பளம்தான். கார்டு பாக்கி வட்டியும் அபராதமும் சேர்ந்து 47,000 ரூபாயில் வந்து நின்றது. நான்கு மாதம் கட்டவில்லை. அது என் தவறுதான். தினமும் மிரட்டிக்கொண்டிருந்த வசூல்காரர் ஒரு நாள் குரல் இளகி, “22,000 கட்டுங்கள் சார், கணக்கை முடித்துவிடலாம்” என்றார். மனைவியின் வளையலை அடகு வைத்துக் கட்டினேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்தேன். வங்கிக் கடிதத்தில் ‘செட்டில்மென்ட்’ என்று இருந்ததை, ‘முடிந்தது’ என்றே வாசித்துக்கொண்டேன்.

மூன்று ஆண்டு கழித்து, மனைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வீட்டுக் கடன் கேட்டுப் போனேன். கிளை மேலாளர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். சிபில் அறிக்கை; நாம் வாங்கிய கடன்களையும் கட்டிய விதத்தையும் பதிந்து வைக்கும் நிறுவனம்தான் சிபில். மாதத்துக்கு ஒரு கட்டம். அதற்குள் 030, 060, 090 என்று எண்கள். எத்தனை நாள் தாமதம் என்ற கணக்கு அது. கார்டுக்கு நேரே ‘செட்டில்டு’.

“இங்கே ‘க்ளோஸ்டு’ என்று இருக்க வேண்டும் சார். செட்டில்டு என்றால், மிச்சத்தை வங்கி நஷ்டமாக ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம்.”

300 முதல் 900 வரை போகும் மதிப்பெண்ணில் எனக்கு 640. கடன் கிடைக்கவில்லை. அதே வாரத்தில் வேறு மூன்று இடங்களில் விண்ணப்பித்தேன். அப்படி விண்ணப்பிக்கும்போது கடன் கொடுப்பவர் நம் அறிக்கையைக் கேட்டுப் பார்க்கும் ஒவ்வொரு விசாரணையும் பதிவாகி, மதிப்பெண்ணை இன்னும் இறக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்த முட்டாள்தனம், ‘ஸ்கோரை ஏற்றித் தருகிறோம்’ என்ற ஒருவரிடம் 8,000 ரூபாய் அழுதது. அவர் செய்ததெல்லாம் சிபில் இணையதளத்தில் என் பெயரில் ஒரு ஆட்சேபம் பதிந்ததுதான். அதை நாமே இலவசமாகச் செய்யலாம். தகவல் சரி என்று வங்கி சொல்லிவிட்டது, கதை முடிந்தது. கடன் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளாமல் சிபில் எதையும் திருத்தாது. உண்மையில் நடந்த தாமதத்தை எந்த ஏஜென்டாலும் அழிக்க முடியாது.

கடைசியில் கார்டு கொடுத்த வங்கிக்கே போனேன். தள்ளுபடி செய்த 25,000 ரூபாயையும் கட்டினால் நிலையை மாற்றுவதாக முதலில் எழுத்தில் வாங்கினேன், பிறகுதான் கட்டினேன். பாக்கியில்லாச் சான்று கைக்கு வந்து இரண்டு மாதமாகியும் அறிக்கை அப்படியே இருந்தது. புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற ரிசர்வ் வங்கி விதி 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. அதைக் குறிப்பிட்டுப் புகார் எழுதினேன். 26-ஆம் நாள் ‘க்ளோஸ்டு’ ஆயிற்று. 090 மட்டும் அங்கேயேதான் இருக்கிறது.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் அறிக்கை நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். 2021-லேயே ஒன்றை எடுத்துப் பார்த்திருந்தால் மனையின் முன்பணமாவது மிஞ்சியிருக்கும்.

8,000 வாங்கியவர் இன்றும் வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்புகிறார். பணத்தைக் கேட்டால் நீல டிக் விழுகிறது, பதில்தான் வருவதில்லை.