ரீபில்ட் டைட்டில் கார்: எதை எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது

அமெரிக்காவில் பழைய கார் தேடுகிறவர்கள் கண்ணில் இது எப்படியும் படும். அதே மாடல், அதே வருடம், ஏறக்குறைய அதே மைலேஜ். விலை மட்டும் 20 முதல் 40 சதவீதம் குறைவு. விளம்பரத்தின் கடைசி வரியில் ‘ரீபில்ட் டைட்டில்’ என்று போட்டிருப்பார்கள் (டைட்டில் என்பது காரின் உரிமைப் பத்திரம்). எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பழுதுபார்ப்பதற்கு முன் எடுத்த போட்டோ கையில் கிடைத்தால் மேலே பேசலாம். கிடைக்காவிட்டால், விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.

டைட்டிலில் இருக்கும் சொல்லைச் சரியாகப் படியுங்கள். ‘சால்வேஜ்’ என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி டோட்டல் லாஸ், அதாவது சரிசெய்யக் கட்டாது, என்று ஒதுக்கிய கார். அந்த நிலையில் அதை ரோட்டில் ஓட்ட முடியாது. சரிசெய்து, மாநிலத்தின் பரிசோதனையில் தேறிய பிறகு கிடைப்பது ‘ரீபில்ட்’. ‘ஜங்க்’, ‘சர்டிஃபிகேட் ஆஃப் டிஸ்ட்ரக்ஷன்’ என்றிருந்தால் பெரும்பாலான மாநிலங்களில் உதிரிபாகத்துக்கு மட்டும்தான்; அதை மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவரலாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

டைட்டிலில் விழும் இந்த முத்திரை காரின் உடல்நிலையைச் சொல்வதில்லை, இன்சூரன்ஸ் கம்பெனியின் கணக்கைத்தான் சொல்கிறது. அலபாமாவில் சேதம் காரின் மதிப்பில் 75 சதவீதத்தைத் தொட்டால் சால்வேஜ். டெக்சாஸில் செலவு மதிப்பையே தாண்ட வேண்டும், அதாவது 100 சதவீதம். கலிஃபோர்னியாவில் சதவீதமே கிடையாது. சரிசெய்வது கட்டுப்படியாகாது என்று கம்பெனி முடிவெடுத்தால் போதும். 6,000 டாலர் மதிப்புள்ள ஒரு பழைய கொரோலாவில் முன்பக்கம் இடித்து இரண்டு ஏர்பேக் வெடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பம்பர், ஹெட்லைட், டேஷ்போர்டு, சீட்பெல்ட் எல்லாம் சேர்ந்து 5,000 டாலர் எஸ்டிமேட். அலபாமாவில் அது சால்வேஜ். டெக்சாஸ் சட்டப்படி அந்த முத்திரை விழ வேண்டியதே இல்லை. ஆகவே கிளீன் டைட்டில், அதாவது முத்திரையே இல்லாதது, என்று கேட்டதுமே நிம்மதி அடைவதும் தவறு.

மாநிலப் பரிசோதனையை நம்பி வாங்குகிறவர்கள் அதிகம். அது எதற்காக நடக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கின் வாகனப் பதிவுத் துறையான டிஎம்வி நடத்தும் சால்வேஜ் பரிசோதனை, திருட்டு பாகம் ஏதும் மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக. கார் ஓட்டுவதற்குப் பாதுகாப்பானதா என்பது அதில் வராது.

இனி போட்டோ. டோட்டல் லாஸ் கார்களில் பெரும்பகுதி கோபார்ட், ஐஏஏ ஏலங்கள் வழியாகத்தான் கைமாறும். காரின் அடையாள எண்ணான வின் நம்பரை அப்படியே கூகுளில் போட்டுப் பாருங்கள். பல சமயம் ஏலப் படங்கள் பத்துப் பதினைந்து வந்து விழும். கூடவே முதன்மைச் சேதம், இரண்டாம் சேதம் என்ற குறிப்பும் இருக்கும். ‘ரன் அண்ட் டிரைவ்’ என்று போட்டிருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். யார்டுக்கு வந்த நாளில் ஸ்டார்ட் ஆகி, கியர் விழுந்து, சொந்தமாக நகர்ந்தது. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. படத்தில் முதலில் பார்க்க வேண்டியது சக்கரம் நிற்கும் கோணம். முன்சக்கரம் பின்னால் தள்ளி ஃபெண்டரை ஒட்டி நின்றால், சஸ்பென்ஷனோ அதைத் தாங்கும் சப்ஃப்ரேமோ வளைந்திருக்கிறது. கூரைத் தூண் மடிந்திருந்தால் அந்தக் கார் நமக்கு வேண்டாம். இப்போதைய கார்களின் தூண்களில் போரான் எஃகு போடுகிறார்கள். அதைச் சூடாக்கி நிமிர்த்தினால் பலம் போய்விடும். கம்பெனி சொன்ன இடத்தில் வெட்டி முழுதாக மாற்ற வேண்டும். மலிவு பாடி ஷாப்பில் அந்தப் பொறுமை இருக்காது.

ரிப்போர்ட்டுகளில் எது காசுக்குத் தகும்? இன்சூரன்ஸ் மோசடியைத் தடுக்கும் அமைப்பான என்ஐசிபியின் வின்செக் இலவசம். திருட்டு, சால்வேஜ் பதிவு இரண்டையும் காட்டும். அடுத்து, நீதித்துறையின் மேற்பார்வையில் இயங்கும் தேசிய டைட்டில் தகவல் தளமான என்எம்விடிஐஎஸ். பத்து டாலர் அளவில் கிடைக்கும் இந்த ரிப்போர்ட்டில் முத்திரை வரலாறு, ஓடோமீட்டர், டோட்டல் லாஸ் பதிவு எல்லாம் உண்டு. ஒரு மாநிலத்தில் விழுந்த முத்திரையை இன்னொரு மாநிலத்தில் பதிந்து மறைக்கும் ‘டைட்டில் வாஷிங்’ பெரும்பாலும் இங்கேதான் பிடிபடும். என்ன பழுது பார்த்தார்கள் என்பது மட்டும் இதில் வராது. தனியார் கார் வரலாற்று ரிப்போர்ட்டான கார்ஃபேக்ஸ் 40 டாலருக்கு மேல். சர்வீஸ் விவரம் வேண்டுமென்றால் எடுக்கலாம். ரீபில்ட் என்று ஏற்கெனவே தெரிந்த காருக்கு அந்தப் பணத்தை வீல் அலைன்மென்ட்டுக்குச் செலவழிப்பது புத்திசாலித்தனம். அளவுகள் அச்சான தாளைக் கேட்டு வாங்குங்கள். இடது, வலது காஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) அளவுகளுக்கு இடையே ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது டயர் விவகாரம் கிடையாது. அடியில் ஏதோ இடம் மாறியிருக்கிறது.

ஏர்பேக் விஷயத்தில்தான் ஏமாற்று அதிகம் என்பதால் இதை மெதுவாகப் பாருங்கள். சாவியை ஆன் செய்ததும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம். எரிந்து அணைந்தாலும் முழு நம்பிக்கை வேண்டாம். ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரெசிஸ்டரை மாட்டி கம்ப்யூட்டரை ஏமாற்றுகிறவர்கள் உண்டு. காரின் கம்ப்யூட்டரில் செருகும் 20 டாலர் ஓபிடி கருவி பெரும்பாலும் எஞ்சின் கோளாறு கோடுகளை மட்டுமே படிக்கும். ஏர்பேக் அமைப்பான எஸ்ஆர்எஸ்ஸைப் படிக்கிற ஸ்கேனர் உள்ள மெக்கானிக்கிடம் போங்கள். ஏலப் படத்தில் ஏர்பேக் வெடித்திருந்தால், சீட்பெல்ட்டை அடிவரை இழுத்து அதில் தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள், தயாரிப்புத் தேதி இருக்கும். காரின் தேதியே அதிலும் இருந்தால் பெல்ட் மாற்றப்படவில்லை. மோதும்போது பெல்ட்டை இறுக்கும் பிரீடென்ஷனர் வெடித்திருந்தால் அதற்கு என்ன செய்தார்கள் என்று ரசீதோடு கேளுங்கள். மாற்று ஏர்பேக் எங்கே வாங்கியது என்பதும் முக்கியம். ஏர்பேக்கை ஊதவைக்கும் தரமற்ற மலிவு இன்ஃப்ளேட்டர்கள் வெடித்துச் சிதறி உயிரிழப்புகள் நேர்ந்ததால் 2024-ல் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ வெளிப்படையாகவே எச்சரித்தது. ஒரிஜினல் பாகத்துக்கு ரசீது இல்லையென்றால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

பெயின்ட்டின் தடிமனை அளக்கும் கேஜ் இருந்தால் ஒரு சுற்று வாருங்கள். கம்பெனி பெயின்ட் சுமார் 100 முதல் 180 மைக்ரான். 300-ஐத் தாண்டினால் மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள், உள்ளே குழியை நிரப்பும் ஃபில்லரும் பூசியிருக்கலாம். கதவிலோ ஃபெண்டரிலோ இருந்தால் பேரம் பேசலாம். தூணிலும் கூரை விளிம்பிலும் இருந்தால் கிளம்பிவிடலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய கார் வேண்டவே வேண்டாம். 2017-ல் ஹார்வி, 2022-ல் இயன், 2024-ல் ஹெலீன் என்று ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் இவை நாடு முழுக்கப் பரவும். இன்று நன்றாக ஓடும். கனெக்டர்களுக்குள் பச்சை பூத்து, ஆறு மாதம் கழித்து ஒவ்வொரு எலெக்ட்ரானிக் மாட்யூலாகச் சாகும். ஏர்பேக் கம்ப்யூட்டர் பல கார்களில் நடுவில், கன்சோலுக்கு அடியில் தரையோடு ஒட்டியிருப்பதை மறக்காதீர்கள். புதிய டொயோட்டா ஹைபிரிட்கள் பலவற்றில் பெரிய பேட்டரியே பின்சீட்டுக்கு அடியில். சீட் போல்ட்டில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், பழைய காரில் புத்தம்புதுக் கார்பெட்: இதில் ஒன்று தென்பட்டாலும் போதும்.

அப்படியானால் எதை எடுக்கலாம்? ஆலங்கட்டி மழையில் குழி விழுந்தது முதலிடம். மெக்கானிக்கலாக ஒன்றுமே ஆகியிருக்காது. அடுத்தது, திருடுபோய், இன்சூரன்ஸ் பணம் கொடுத்த பிறகு கிடைத்த கார். சீட், சக்கரம், கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் திரும்ப மாட்டியதற்கு ரசீது பாருங்கள். பின்கதவு, பம்பரோடு நின்ற சிறு இடி மூன்றாவது. கேமரா, ரேடார் உள்ள கார் என்றால் அவற்றைச் சரியாக அளவு பொருத்திய காலிபரேஷன் ரசீதும் வேண்டும். இல்லையென்றால் தானியங்கி பிரேக் தப்பான நேரத்தில் பிடிக்கலாம். டெஸ்லாவில் கூடுதல் தலைவலி: சால்வேஜ் ஆன காருக்கு சூப்பர்சார்ஜர் என்ற வேக சார்ஜிங் வசதியைக் கம்பெனி முடக்கிவைப்பது வழக்கம். நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுக்கு அதிலேயே கதை முடிந்தது.

பணம் கொடுப்பதற்கு முன் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டைக் கூப்பிட்டு வின் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான லயபிலிட்டி சுலபமாகக் கிடைக்கும். நம் காரின் சேதத்துக்கான கொலிஷன், காம்ப்ரிஹென்சிவ் பல கம்பெனிகள் தருவதில்லை, தந்தாலும் கிளெய்மில் முத்திரையைக் காட்டி காரின் மதிப்பைக் குறைத்தே கணக்கிடுவார்கள். பல வங்கிகள் லோனும் தராது. கம்பெனி வாரண்டி போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள். விற்கும்போதும் அதே தள்ளுபடியை நீங்கள் கொடுக்க வேண்டியிருக்கும். எனவே இரண்டு வருடத்தில் மாற்றுகிறவருக்கு இதில் லாபமில்லை. எட்டுப் பத்து வருடம் ஓட்டித் தேய்ப்பவருக்குக் கட்டும். விற்பவர் கையில் இன்னும் சால்வேஜ் டைட்டில்தான் இருக்கிறது, ‘இன்ஸ்பெக்ஷன் சும்மா ஒரு ஃபார்மாலிட்டி’ என்கிறார் என்றால், அந்த ஃபார்மாலிட்டியை அவரே முடித்து ரீபில்ட் டைட்டிலோடு வரட்டும். அதுவரை அட்வான்ஸ் கூடக் கொடுக்காதீர்கள்.