பென்ஷன் இருக்கிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

அரசு வேலையில் இருந்துகொண்டு, பென்ஷனுக்கு மேல் தனியாகவும் கொஞ்சம் சேர்த்து வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறு வருடத்துக்கு முன் நான் போட்ட ஒரு கையெழுத்து என் சேமிப்பில் பெரிய ஓட்டை போட்டுவிட்டது. இன்னொருவருக்கு அது நடக்கக் கூடாது.

ஒரு மதிய இடைவேளையில் எங்கள் அலுவலகத்துக்கு முதலீட்டு ஆலோசகர் ஒருவர் வந்தார். ஓய்வுக்காலத் திட்டமிடல் பற்றி இலவசக் கூட்டம் என்றார்கள். பொறுமையான மனிதர், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். கூட்டம் முடிந்ததும் ஆளுக்கொரு படிவம். வயது என்ன, எத்தனை பேர் உங்களை நம்பி இருக்கிறார்கள், பங்குச் சந்தை 20 சதவீதம் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று இரண்டு பக்கம் கேள்விகள். கடைசியில் மதிப்பெண்ணைக் கூட்டி, "நீங்கள் மிதமான ரிஸ்க் எடுப்பவர், உங்களுக்குப் பாதுகாப்புதான் முக்கியம்" என்றார். அலுவலகச் சேமிப்புத் திட்டத்தில் நான் போட்டு வைத்திருந்ததை எல்லாம் எடுத்து, காப்பீட்டோடு சேர்ந்த ஒரு ஓய்வுக்காலத் திட்டத்துக்கு மாற்றச் சொன்னார். "ஆண்டுக்கு 6 சதவீதம் உத்தரவாதம். சந்தை ஏறினால் அதுவும் உங்களுக்கு." யாருக்குத்தான் ஆசை வராது? மாற்றினேன்.

போன மாதம் வந்த ஆண்டு அறிக்கையைக் கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா ஒருவரிடம் காட்டினேன். அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தொகைகள் இருந்தன. நான் போட்டது 100 என்று வைத்துக்கொண்டால், ஒன்று 142, இன்னொன்று 109. இத்தனை வருடமும் நான் 142ஐத்தான் என் பணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா ஸ்கேலை வைத்து, அடியில் இருந்த பொடி எழுத்தை வரிவரியாகப் படித்துக் காட்டினார். 142 என்பது அந்த 6 சதவீத உத்தரவாதத்தின்படி ஏறிய எண், பிற்காலத்தில் மாதத் தொகையைக் கணக்கிட மட்டும் பயன்படும். அதைக் கையில் எடுக்க முடியாது. எடுக்கக்கூடியது 109தான். அதிலும் இப்போதே வெளியே வந்தால் 2 சதவீதம் சரண்டர் கட்டணம் போகும்.

சரி, அந்த 142ஐ வைத்து என்ன தருவார்கள்? ஆண்டுக்கு 5 சதவீதம், அதாவது சுமார் 7. என் கணக்கில் இருக்கும் 109ஐ 7 ஏழாக எடுத்தாலே 15 வருடம் வரும். அதுவரை என் பணத்தையே எனக்குத் திருப்பித் தருகிறார்கள். அதற்குப் பிறகும் நான் உயிரோடு இருந்தால்தான் அவர்கள் கைக்காசு வெளியே வரும்.

கட்டணங்களை ஒரு தாளில் கூட்டினோம். காப்பீட்டுக்கு ஒன்று, நிதி நிர்வாகத்துக்கு ஒன்று, அந்த உத்தரவாதத்துக்கே தனியாக ஒன்று. மொத்தம் ஆண்டுக்கு 3.1 சதவீதம். நான் விட்டுவிட்டு வந்த அலுவலகத் திட்டத்தில் 0.1. ஏறக்குறைய இதே மாதிரி முதலீடுகளோடு அங்கேயே இருந்திருந்தால் இன்று 130க்குப் பக்கத்தில் இருந்திருக்கும். இரண்டு சதவீத வித்தியாசம்கூடச் சின்ன விஷயமில்லை. ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்ந்தால் 30 வருடத்தில் 100 என்பது 761 ஆகும். 5 சதவீதம் என்றால் 432தான்.

இதைவிட என்னை உலுக்கியது அக்கா அடுத்துக் கேட்ட கேள்வி. பழைய படிவத்தின் நகலை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இதுல உன் பென்ஷன் எங்க?" என்றார்.

எங்கேயும் இல்லை. இரண்டு பக்கத்திலும் அதற்கு ஒரு கட்டமே கிடையாது. அரசு ஊழியர்களுக்கென்றே வைத்த கூட்டம் அது! எங்களிடம் இருக்கிற மிகப் பெரிய சொத்தைக் கேட்காமலே "உங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும்" என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். ஆயுள் முழுக்க மாதாமாதம் வரும் வருமானம் எனக்கு ஏற்கெனவே இருந்தது. அதையே மறுபடி, அதுவும் இவ்வளவு கட்டணத்துக்கு, விற்றிருக்கிறார்கள். கேட்டிருந்தால் விற்க முடியாது. அதனால்தான் கேட்கவில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பென்ஷன் என்பது கிட்டத்தட்ட நிலையான வட்டி தரும் ஒரு பெரிய கடன் பத்திரம் மாதிரி. அதைச் சேர்க்காமல் பங்கு எவ்வளவு, பத்திரம் எவ்வளவு என்று பிரிப்பதில் அர்த்தமே இல்லை. ஓய்வுக்காலச் செலவு 100 என்றால் அதில் 60ஐ பென்ஷன் பார்த்துக்கொள்ளுமா, 80ஐயா என்று முதலில் பாருங்கள். மீதிதான் சேமிப்பின் வேலை. அப்புறம், உங்கள் பென்ஷன் விலைவாசியோடு ஏறுமா என்று விதிகளைப் படித்தே தெரிந்துகொள்ளுங்கள். ஏறும் என்றால் சேமிப்பில் பங்குகளுக்குக் கூடுதல் இடம் தரலாம். ஏறாது என்றால் 6 சதவீத விலையேற்றத்தில் 12 வருடத்தில் அதன் மதிப்பு பாதியாகிவிடும். அதை ஈடுகட்டவும் சேமிப்பில் வளரக்கூடியது ஏதாவது இருந்தாக வேண்டும். உங்களுக்குப் பிறகு துணைக்கு எவ்வளவு வரும், பாதியில் வேலையை விட்டால் என்ன ஆகும் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

அதற்காக, பென்ஷன் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் பங்கில் கொட்டச் சொல்லவில்லை. 2008இல் அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களின் பங்கு விலையைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு ஒரே வருடத்தில் சுமார் 38 சதவீதம் இறங்கியது. பயத்தில் அந்த நேரம் பார்த்து விற்றுவிட்டால் பென்ஷன் வந்து காப்பாற்றாது. பென்ஷனும் கல்வெட்டு இல்லை. 2010க்குப் பிறகு கிரீஸில் பல முறை வெட்டினார்கள். 2013இல் டெட்ராய்ட் நகராட்சி திவாலானபோது சாதாரண நகராட்சி ஓய்வூதியர்களுக்கு 4.5 சதவீதம் குறைந்தது, ஆண்டுதோறும் கிடைத்த விலைவாசி உயர்வும் போனது. பென்ஷன் தருவதும் அரசு, சேமிப்பு முழுவதும் அதே அரசின் பத்திரம் என்றால் எல்லாம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

நிறுவனத்துக்குப் புகார் எழுதினேன். "எல்லாப் பக்கத்திலும் உங்கள் கையெழுத்து உள்ளது" என்று பதில் வந்தது. உண்மைதான். பழைய திட்டத்தோடு ஒப்பிட்டு விளக்கப்பட்டது என்ற வரிக்குக் கீழேயும் என் கையெழுத்து இருக்கிறது. அப்படி யாரும் விளக்கவில்லை. இப்போது ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுதியிருக்கிறேன். இத்தகைய திட்டங்களில் பல நாடுகளில் ஆரம்பத்தில் சில நாட்களுக்குள் ரத்து செய்ய உரிமை உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்கள் இன்றே தேதியைப் பாருங்கள். எனக்கு அந்த நாள் எப்போதோ போய்விட்டது.

போன வாரம் அதே ஆலோசகர் மறுபடி வந்தார், புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்காக. ஒரு படிவத்தை வாங்கிப் பார்த்தேன். அதே இரண்டு பக்கம், பென்ஷனுக்குக் கட்டம் இன்னும் இல்லை. பக்கத்தில் பேனாவைத் திறந்து வைத்திருந்த பையனிடம், ஒரு நாள் பொறுத்துக்கொள் என்று சொல்லி, என் ஆண்டு அறிக்கையின் நகலைக் கொடுத்திருக்கிறேன்.